ரெசிஸ்டர் எந்தப் பக்கம்?

அன்பு மகளுக்கு,

9 வோல்ட் பேட்டரியில் நேராகச் செருகிய சிவப்பு எல்.இ.டி. பளிச்சென்று மின்னி அணைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மனம் தளராதே அம்மா. அடுத்ததை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

தனக்கு எவ்வளவு கரண்ட் போதும் என்று எல்.இ.டி.க்குத் தெரியாது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரியும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினாலும் கரண்ட் மளமளவென்று கூடிவிடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ரெசிஸ்டர். 9-இல் 2 போக மீதி 7 வோல்ட்டை அது ஏற்க வேண்டும். 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் கரண்ட் போதும் என்று வைத்துக்கொள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டரின் மதிப்பு ஓம் கணக்கில் கிடைக்கும். 7-ஐ 0.015-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 467. அந்த மதிப்பில் ரெசிஸ்டர் வருவதில்லை, 470 ஓம் போடு. அதில் சூடாகப் போவது 0.1 வாட்தான், சாதாரண கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும்.

அப்புறம், அதை எல்.இ.டி.க்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. பின்னால் வைத்தால் கரண்ட் முழுசாக எல்.இ.டி.யில் பாய்ந்த பிறகுதானே ரெசிஸ்டருக்கு வரும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தண்ணீர் நிரம்பி ஓடும் ஒரு குழாயை எந்த இடத்தில் நெருக்கிப் பிடித்தாலும் குழாய் முழுக்க ஓட்டம் குறைகிறது, இல்லையா? இதுவும் ஒரே வளையம். வளையத்தில் எங்கே ரெசிஸ்டர் இருந்தாலும் எல்லா இடத்திலும் ஓடும் கரண்ட் ஒன்றுதான். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே, இரண்டு பக்கமும் மாற்றி வைத்து வெளிச்சத்தைப் பார்.

ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேலுள்ள வண்ணப் பட்டைகளே சொல்லும். 470 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு, கொஞ்சம் தள்ளித் தங்கப் பட்டை. மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு ஒரு பூஜ்யம். தங்கம் என்றால் மதிப்பு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ராத்திரி விளக்கில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும், அதில்தான் கவனம் வேண்டும். மூன்றாவது பட்டை சிவப்பாக இருந்தால் அது 4,700 ஓம். எல்.இ.டி. கெடாது, ஆனால் மங்கலாக எரியும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடு. சர்க்யூட்டில் இருக்கும்போதே அளக்காதே, ஒரு காலையாவது கழற்றிவிட்டு அள.

எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம், சரியா? ரெசிஸ்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா