முதல் பத்து வாரம்: பாண்டிக்கு ஒரு கடிதம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
செப்டம்பர் 2026

அன்புள்ள பாண்டிக்கு,

விசா கிடைத்த செய்தி படித்து மனம் நிறைந்துவிட்டது. தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் வாழ்த்தைச் சொல். "அங்க வந்தா நம்ம நல்ல நாள் பெரிய நாளெல்லாம் அவ்வளவுதானா?" என்று தங்கச்சி கேட்பதாக எழுதியிருந்தாய். அவ்வளவுதான் இல்லை, மாப்ள. நீங்கள் இறங்கும் நாளிலிருந்து பொங்கல் வரையிலான பத்துப் பதினோரு வாரம்தான் இங்கே வருஷத்திலேயே பண்டிகை நெருக்கிக்கொண்டு வரும் காலம். நம்முடையதும் உண்டு, இந்த ஊருடையதும் உண்டு. இங்கே எந்தப் பண்டிகையும் நன்றாக அமைவதும் கெடுவதும் முதல் நாள் கடை அடைப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் தேதியோடு எழுதுகிறேன், இதை எடுத்து வைத்துக்கொள்.

நீங்கள் வந்து இறங்குவது அக்டோபர் 31, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் நவம்பர் 1, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே மளிகைக் கடை, துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது. ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை, இவ்வளவுதான். அந்த நவம்பர் 1 இந்த மாநிலத்தில் அரசு விடுமுறையும்கூட. ஞாயிறோடு சேர்ந்து விழுந்ததால் அந்த லீவு போனது போனதுதான், ஈடாக இன்னொரு நாள் தரமாட்டார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் என்ற இந்த மாநிலத்தில் வருஷத்துக்கு 12 அரசு விடுமுறை. இந்த வருஷம் அக்டோபர் 3, டிசம்பர் 26 இரண்டும் சனிக்கிழமையில் போய் விழுந்திருக்கின்றன. அதை ஈடுகட்டுவது அடுத்த வருஷத்து வியாழக்கிழமைகள். 2027 மே 6, மே 27 இரண்டும் வியாழன் விடுமுறை. வெள்ளிக்கு ஒரே ஒரு லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். விடுமுறையையும் வாரக் கடைசியையும் பாலம் போல இணைப்பதால் இந்த வெள்ளிக்குப் "பாலநாள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், ஆகவே ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடு. இன்னொன்று, லீவில் இருக்கும்போது காய்ச்சலில் படுத்தால் டாக்டர் சீட்டு வாங்கு. அந்த நாட்கள் உன் லீவுக் கணக்கில் கழியாது. சட்டமே அப்படித்தான்.

வந்த எட்டாம் நாள் தீபாவளி. நவம்பர் 8, அதிர்ஷ்டவசமாக ஞாயிறு. எண்ணெய்க் குளியலுக்கு நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. இங்கே அன்று சூரியன் உதிப்பதே ஏழேகால் வாக்கில்தான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கட்டிடத்தில் சத்தம் கூடாது என்பது விதி. ஆறரைக்குக் குளித்தால் சாஸ்திரமும் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமும் நிற்கும். நல்லெண்ணெய் பட்ட குளியல் தொட்டி பயங்கரமாக வழுக்கும், பாப்பாவை ரப்பர் விரிப்பு போட்டு நிறுத்து. ஆறரை என்றால் நம் ஊரில் காலை பதினொன்று. அக்டோபர் 25-க்கு மேல் வித்தியாசம் நாலரை மணி நேரம், அம்மாவைக் கூப்பிடச் சரியான வேளை.

வெடி கிடையாது. ராக்கெட், சரம் மாதிரியானவை வருஷக் கடைசி மூன்று நாள்தான் விற்பனைக்கு வரும், இந்த முறை டிசம்பர் 29, 30, 31. கொளுத்த அனுமதி 31-ஆம் தேதியும் ஜனவரி 1-ஆம் தேதியும் மட்டும், அதுவும் 18 வயது ஆனவர்களுக்கு. தேவாலயம், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், மரச்சட்ட வீடுகள் பக்கத்தில் எந்த நாளும் கூடாது. ஆனால் கம்பி மத்தாப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. "வுண்டர்கெர்ட்ஸன்" என்று கேள், வருஷம் முழுக்க வாங்கலாம், 12 வயதிலிருந்து பிடிக்கலாம். பாப்பாவுக்கு வயது போதாது, நீ பிடி, அவள் பார்க்கட்டும். வீட்டுக்குள் வேண்டாம், வெளியே போய் ஒரு வாளியில் மணலோ தண்ணீரோ வைத்து, எரிந்த கம்பியை அதில் போடு.

பலகாரத்தில் இரண்டு இடத்தில் தவறும். ஆசியக் கடையில் அரிசி மாவு இரண்டு வகை, பார்க்க ஒரே மாதிரிப் பாக்கெட். ஒன்று சாதா, மற்றது ஒட்டும் அரிசி மாவு. இரண்டாவதில் பிசைந்தால் மாவு பசையாய் இழுக்கும், முறுக்கில் மொறுமொறுப்பு வராது. அடுத்தது புகை. பல வீடுகளில் அடுப்புக்கு மேல் இருக்கும் உறிஞ்சி காற்றை வெளியே தள்ளாது, கரி வடிகட்டி வழியாகச் சுற்றித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். எண்ணெய்ப் பிசுக்கு குறையும், வாடையும் ஈரமும் வீட்டிலேயே நிற்கும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை அகலத் திறந்து வைத்துப் பொரி. படுக்கையறைகளிலும் நடையிலும் கூரையில் புகை உணர்த்தி இருக்கும், அது கட்டாயம். சாம்பிராணித் தூபத்துக்கு அது அலறிவிடும், ஆகவே தூபம் பால்கனியில். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதே. ஆறவைத்துப் பழைய பாட்டிலில் அடைத்து, மறுசுழற்சிக்குப் போகாத சாதாக் குப்பையில் போடு.

ஜன்னல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். குளிருக்குப் பயந்து ஜன்னலை மேலே மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சுவர் குளிர்ந்து, இட்லி ஆவியெல்லாம் அதில் நீராய்ப் படிந்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சை பிடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிஷம், முழுக்கத் திறந்து மூடு.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்கைக் கோலில் தொங்கவிட்டு, பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போவார்கள். திருக்கார்த்திகை நினைவுக்கு வரும். பாப்பா வந்த புதிது என்பதால் விளக்கு செய்ய நேரம் இருக்காது, கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். முனையில் குட்டி பல்பு வைத்த கோல் வாங்கு, அதற்கான பேட்டரியையும் மறக்காமல் அப்போதே வாங்கு. இரண்டு சாக்ஸ் போட்டு அனுப்பு, பிள்ளைகள் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம்.

நவம்பர் 29 முதல் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவத்தி, நான்கு வாரம் நான்கு வத்தி, பசுந்தழை வளையத்தில் ஏற்றுவார்கள். ஹாம்பர்கில் 1839-இல் வீஹெர்ன் என்ற இறையியலாளர் தன் காப்பகத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணட்டும் என்று தொடங்கிய வழக்கம். நான்காம் வாரத்தில் தழை காய்ந்து பொறிக்குக் காத்திருக்கும், பக்கத்தில் ஆள் இல்லாமல் எரிய விடாதே. டிசம்பர் 6 நிக்கோலஸ் திருநாள், முந்தின நாள் 5 சனி ராத்திரி பாப்பாவின் பூட்ஸைத் துடைத்துக் கதவருகே வைக்கச் சொல். காலையில் அதில் ஆரஞ்சு, வாதுமை, சாக்லேட் இருக்க வேண்டும், அது உன் பொறுப்பு. கிறிஸ்துமஸ் சந்தையில் பிள்ளைகளுக்கு "கிண்டர்புன்ஷ்" கேள், அதில் மது இல்லை. கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

இப்போது முக்கியமான சேதி. டிசம்பர் 24 வியாழன், கடைகள் மதியம் இரண்டோடு மூடும். 25 வெள்ளி, 26 சனி இரண்டும் விடுமுறை, 27 ஞாயிறு. அடுத்து ஷட்டர் தூக்குவது 28 திங்கள் காலை. ஆக மூன்றரை நாள். 23-ஆம் தேதி சாயங்காலம் பார்த்தால் பால் அலமாரி பாதி காலியாகத்தான் இருக்கும். 22-ஆம் தேதியே பால், தயிர், காய், பாப்பாவின் மருந்து எல்லாம் வாங்கி வை. துருவிய தேங்காய் ஆசியக் கடையில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும், கறிவேப்பிலையை நீயே கழுவி, ஈரம் போகத் துடைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வை. பரிசுகளைப் பிரிப்பது இங்கே 24 ராத்திரி, 25 காலை அல்ல. அந்த மூன்று நாளும் தெரு அமைதியாக இருக்கும். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த நாட்கள் அவைதாம்.

ஜனவரி 6 புதன் இந்த மாநிலத்தில் விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் மூன்று ராஜாக்கள் வேஷத்தில் பிள்ளைகள் மணி அடிப்பார்கள். பாடி, உண்டியல் நீட்டி, கதவு நிலையில் சாக்பீஸால் 20*சி+எம்+பி+27 என்று எழுதிப் போவார்கள். "கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்" என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. சில்லறை எடுத்து வை, எழுத்தை அழிக்காதே, வருஷம் முழுக்க இருக்கும். வாசலில் எழுதி வீட்டுக்கு நல்லது வேண்டுகிற பழக்கம் இவர்களுக்கும் இருக்கிறது, பார்.

நம் கோலத்துக்கு ஒரு தடை உண்டு. மாடிப்படியும் நடையும் எல்லோருக்கும் பொது. இந்தப் பக்கத்தில் "கேர்வோக்க" என்று முறை வைத்துப் படி கூட்டுவார்கள், உன் முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். கோலமாவு காலில் ஒட்டி நாலு வீட்டுக்குள் போனால் மனஸ்தாபம்தான். கட்டுமானப் பொருள் கடையில் 60-க்கு 60 சென்டிமீட்டர் பலகை வெட்டித் தருவார்கள், கரும்பலகைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி இரண்டு கை அடி. மாக்கோலமே போடலாம். பால்கனியில் வைத்துவிட்டு, முடிந்ததும் துடைத்து எடுத்துவிடலாம்.

பொங்கல் ஜனவரி 15, வெள்ளி. லீவு போடு. அன்று எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும், ஆக நிதானமாகச் செய்யலாம். முதலில் உன் வீட்டு அடுப்பு எது என்று பார். இண்டக்‌ஷன் என்றால் பித்தளை, செம்பு, மண் பானை எதுவும் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். மதுரையில் பாத்திரக்கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போ. வாய் குறுகிய, மூன்று லிட்டர் எவர்சில்வர் பானை போதும். கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து இலையோடு கிடைக்காது, பச்சை மஞ்சளும் இஞ்சியும் கிழங்காகக் கிடைக்கும், நூலில் கோத்துக்கொள்.

அரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50, பால் ஒரு லிட்டர், தண்ணீர் ஒரு லிட்டர், வெல்லம் 350 கிராம், நெய் 75 மில்லி. பச்சரிசிக்குப் பதில் "மில்ச்ரைஸ்" என்று எந்தக் கடையிலும் இருக்கும் குண்டு அரிசி போதும், நன்றாகக் குழையும். பாலும் தண்ணீரும் கலந்து பானையில் பாதிக்கு மேல் ஊற்றி, மீதியைத் தனியே வைத்து, தீயை முழுக்க வை. பால் ஏடு மேலே மூடி ஆவியை அடைப்பதால்தான் பொங்குகிறது, வாய் அகன்ற பாத்திரத்தில் அது எளிதில் நடக்காது. வழிந்த பால் தொடு பொத்தான்களை நனைத்ததும் இண்டக்‌ஷன் அடுப்பு பீப் பீப் என்று கத்தித் தானே அணைந்துவிடும். "பொங்கலோ பொங்கல்" சொல்லி முடித்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி போடு. பழுது ஒன்றும் இல்லை.

பால் வழிந்தால் துணியால் போகும், வெல்லம் வழிந்தால் போகாது. உருகிய சர்க்கரை கண்ணாடி மேல் ஆறும்போது இறுகி, கண்ணாடியையே செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். அடுப்பு வீட்டுக்காரருடையதாக இருந்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். எனவே பொங்கி வழிந்த பிறகே அரிசி, பருப்பு. மீதிப் பாலை அவ்வப்போது ஊற்றி, மசிய வேகவிட்டு, பானையைப் பக்கத்து மரப்பலகைக்கு மாற்றி, தனியே கரைத்து வடிகட்டின பாகை அங்கே சேர். வெல்லம் விழுந்த பின் அரிசி வேகாது, கொதிக்கிற பாலில் விழுந்தால் பால் திரியவும் செய்யும். அப்படியும் ஒரு சொட்டு கண்ணாடியில் பட்டால், சூடு ஆறுவதற்குள் பிளேடு வைத்த சுரண்டியால் எடு. அந்தச் சுரண்டியை முதல் வாரமே வாங்கி வை.

நெய்யைப் பெட்டியில் கொண்டுவராதே. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கையில் கொண்டுவரத் தடை, பால்கோவாவும் அதில் சேர்ந்ததுதான். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் முதலியவை சான்றிதழ் இல்லாமல் கூடாது, தேங்காய் போன்ற சில மட்டும் வரலாம். இங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் உருக்கினால் ஏறக்குறைய 200 கிராம் நெய் தேறும். முறுக்கு அச்சு, இடியாப்ப உழக்கு, காந்தம் ஒட்டும் பானை, வெல்லம், இவற்றுக்குப் பெட்டியில் இடம் விடு.

இரண்டு சின்ன விஷயம். யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே சொல்லிவிடாதே, கெட்ட சகுனம் என்று முகம் சுளிப்பார்கள். உன் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோக வேண்டியது நீதான். தண்ணீர் பாட்டிலையும் டின்னையும் நசுக்காதே, ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம், கடை மெஷின் அதன் பார்கோடைப் படித்தால்தான் திரும்பத் தரும்.

புதுவீடு புகுபவர்களுக்கு இந்த ஊரார் ரொட்டியும் உப்பும் கொடுப்பார்கள். நாம் உப்பும் மஞ்சளும் முதலில் எடுத்து வைப்பது போல. 31 ராத்திரி நீங்கள் கதவைத் திறக்கும்போது சமையலறை மேடையில் இரண்டும் இருக்கும், மஞ்சளும் பக்கத்தில் இருக்கும். ஃப்ரிட்ஜில் பால் மூன்று லிட்டர், தயிர், இட்லி மாவு ஒரு டப்பா வைத்திருப்பேன். திங்கள் காலை கடை திறக்கும் வரை அது போதும்.

உன்,
சேகர்