ஃபோக்கஸிங் ஸ்க்ரீன் குறைபாடு: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

என் கேனான் 6டி கேமராவுக்காக உங்களிடம் ஒரு ஸ்ப்ளிட் இமேஜ் ஃபோக்கஸிங் ஸ்க்ரீன் வாங்கினேன். வ்யூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது காட்சி விழும் உள்திரை அது; ஃபோக்கஸ் சரியாகும்வரை அதன் நடுவட்டத்தில் காட்சி இரண்டாக உடைந்து தெரியும். இந்த ஸ்க்ரீனைப் பார்த்து ஃபோக்கஸ் செய்தால் எடுக்கும் படம் ஃபோக்கஸ் ஆவதில்லை. இதைத் தெரிவித்தபோது, கோளாறு லென்ஸில்தான், சர்வீஸுக்குக் கொடுங்கள் என்று உங்கள் அலுவலர் கைகழுவிவிட்டார். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் எழுதுகிறேன்.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, மேசைமேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்தேன். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை முழுத் திறப்பில் (எஃப் எண் சிறிதானால் திறப்பு அகலம்) வைத்து, 15 செ.மீ. கோடு வ்யூஃபைண்டரில் உடையாமல் ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்பினேன். எடுத்த படத்தில் 17 செ.மீ. கோடு துல்லியமாக இருக்கிறது. 15 மங்கிக் கிடக்கிறது. அதே லென்ஸை, சென்சார் காண்பதைக் கேமராவின் பின்புறத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வ்யூவில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோக்கஸ் செய்தால் 15 செ.மீ. கோடு கூர்மையாக விழுகிறது. லைவ் வ்யூவில் உங்கள் ஃபோக்கஸிங் ஸ்க்ரீனுக்கு வேலையே இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே என்று உங்கள் அலுவலரே சொல்லட்டும்.

லென்ஸிலிருந்து, ஒளியை மேலே திருப்பும் கண்ணாடி வழியாக ஸ்க்ரீனுக்கு உள்ள தூரமும், படம் பதியும் சென்சாருக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இவ்வளவு அகலத் திறப்பில் அது படத்தில் தெரிந்துவிடும். உங்கள் ஸ்க்ரீன் உட்காரும் உயரமே தவறு. அதைச் சரிக்கட்ட ஒரு மெல்லிய ஷிம் தகடுகூடப் பெட்டியில் இல்லை. ஸ்க்ரீனைப் பொருத்தத் தந்த இடுக்கி மட்டும் அருமையாக இருந்தது.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'எல்லா லென்ஸ்களுக்கும் ஏற்றது, மீட்டரிங்கில் (ஒளியை அளப்பதில்) மாற்றமில்லை' என்கிறீர்கள். என் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸை, திறப்பு எஃப்/5.6 ஆகக் குறுகும் 300 மி.மீ.க்குக் கொண்டுபோனால் நடுவட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடுகிறது; கண்ணைச் சற்று நகர்த்தினால் மறுபாதி. காட்சியின் நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டர் ஒளியை அளப்பதும் அந்த நடுப்பகுதி வழியாகத்தான் என்பதால் அளவும் தாறுமாறாகிறது. காட்சியை இரண்டாக உடைத்துக் காட்டும் அந்த நடுவட்டத்தின் (ஸ்ப்ளிட் ப்ரிஸம்) இயல்பு அது என்றால் விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? கேனான் இதே கேமராவுக்கான தன் ஈஜி-எஸ் என்ற ஃபோக்கஸிங் ஸ்க்ரீன் எஃப்/2.8 அல்லது அதைவிட ஒளிமிகுந்த லென்ஸ்களுக்கானது என்றும், மாற்றியதும் கேமரா மெனுவில் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்றும் சொல்லித்தான் விற்றது. உங்கள் ஆர்டர் படிவம் கேமராவின் பெயரை மட்டும் கேட்கிறது; எந்த லென்ஸ் என்று ஒரு வார்த்தை இல்லை.

முழுப் பணத்தையும் அனுப்பும் செலவையும் திருப்பித் தாருங்கள். விளம்பர வாசகத்தைத் திருத்துங்கள். சோதனைப் படங்களை இணைத்திருக்கிறேன். பொருத்திய ஸ்க்ரீனைத் திரும்பப் பெறுவதில்லை என்ற விதியைக் காட்டி மறுக்க வேண்டாம். பொருத்திப் பார்க்காமல் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்