பியூஸ் மாற்றலாம், எந்தக் கம்பி போட்டு? – மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

கிண்டி, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் செயலாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் வீட்டு ஒயரிங் வேலை பார்ப்பவன் நான். உங்கள் வாரியம் தந்த ஒயர்மேன் சான்றிதழோடு, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கேட்கவேண்டியது வேறு. லைசென்ஸே தேவையில்லாத வேலை எது, அது எந்த இடத்தில் முடிகிறது என்பதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் எழுதி வெளியிட வேண்டும்.

விதி பழையதுதான். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியாக இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்தவற்றிலும் அதன் சாரம் தொடர்கிறது. புதிதாகப் போடுவது, கூட்டுவது, மாற்றுவது, பழுது பார்ப்பது எதுவானாலும் மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசர் கூடவே இருந்து பார்க்க வேண்டும். அனுமதிச் சான்று உள்ள ஆள்தான் கை வைக்க வேண்டும். பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டைத் தாண்டாத வீட்டுச் சாமான், ஃபிட்டிங் ஆகியவற்றை மாற்றிப் போடுவதற்கு மட்டும் விலக்கு. அதுவும் நிறுவலின், அதாவது அங்குள்ள ஒயரிங் அமைப்பின், திறனோ தன்மையோ எந்த விதத்திலும் மாறாதிருந்தால்தான்.

இதில் பல்பு, ஃபேன், சுவிட்ச் என்கிற பட்டியலை ஊரில் எல்லோரும் அறிவார்கள். வால்போல வரும் அந்த நிபந்தனையை யாரும் அறியார். எங்கள் வேலையில் பாதித் தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

பியூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டு மெயின் போர்டில் பீங்கான் பியூஸ் கேரியர் இருக்கும். சித்திரை வெயிலில் இரண்டாவது ஏசியைப் போட்டதும் பியூஸ் போகும். வீட்டுக்காரர் கேரியரைப் பிடுங்கி, ஏதாவது ஒரு துண்டு ஒயரைச் சீவி, செம்பு இழைகளை நாலைந்தாக முறுக்கிச் சுற்றிச் சொருகிவிடுவார். பட்டியல்படி அவர் செய்தது பியூஸ் மாற்றிய வேலை. நிபந்தனைப்படி பார்த்தால் அந்த சர்க்யூட்டின் திறனையே மாற்றிவிட்டார். அடுத்த தடவை லோடு ஏறினால் உருகப்போவது பியூஸ் இல்லை, சுவருக்குள் ஓடும் ஒயர்.

எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) வைத்த புது வீட்டிலும் இதே கதை. "16 ஆம்ப் விழுந்துகிட்டே இருக்கு, 32 போட்டுடுங்க தம்பி" என்பார்கள். உள்ளே போவது 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், 32-க்கு அது தாங்காது. அந்த ஒயரைக் காப்பாற்றத்தான் எம்.சி.பி. விழுகிறது என்று சொன்னால், வேலை தெரியாதவன் என்று என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தி ஆளைக் காப்பாற்றும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுந்தால் அதை பைபாஸ் செய்வதும் அப்படித்தான். எங்கோ நியூட்ரல் எர்த்தோடு கலந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். பைபாஸ் பண்ண அஞ்சு நிமிஷம் போதும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டில் குளியலறை லைட் மினுங்குகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் 2,000 வாட் கீசர். அங்கே பவர் பிளக் இல்லாததால், கண்ணாடிக்கு மேலிருந்த லைட் பாயின்ட்டில் லூப் எடுத்து, 6 ஆம்ப் சுவிட்ச் வழியாகக் கொடுத்திருந்தது. கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். சுவிட்சின் பின்பக்கம் பழுப்பேறி, டெர்மினல் பக்கத்தில் ஒயரின் தோல் அப்பளமாக நொறுங்கியது. இதைவிடப் பதறவைத்தது இன்னொன்று. லைட் பாயின்ட்டுக்கு எர்த் ஒயர் வரவில்லை. அதனால் கீசரின் பச்சை எர்த் ஒயரை வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். "கீசர் கொண்டுவந்த பையனே மாட்டிக் குடுத்தான், சின்ன வேலைதானே" என்றார் அந்த வீட்டு அக்கா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீசர் வீட்டுச் சாமான்தானே, 250 வோல்ட்டுக்குள்தானே என்று விதியையே எடுத்துக்காட்டி அவரால் வாதாடியிருக்க முடியும்.

பட்டியலில் அடங்கும் சுவிட்சைக்கூட கரண்ட் வரும் பேஸ் ஒயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டால், லைட் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை, மின்வாரிய லைனைப் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், பிளக் வழியே மண்டபத்து லைனில் கோத்தால், அந்தக் கரண்ட் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்குப் போய்ச் சேரும். மாடியில் ஆறு சோலார் பலகையை ஒன்றோடொன்று வரிசையாகக் கோத்தாலே, லோடு கொடுக்காத நிலையில் டி.சி. கரண்ட் 250 வோல்ட்டைத் தாண்டிவிடலாம். 2024-இல் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்தபிறகு இந்த வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. பலகை மாட்ட வரும் கூட்டத்தில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று எந்த வீட்டுக்காரரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே வாரியமும் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகமும் சேர்ந்து ஒரே ஒரு தாள் வெளியிடுங்கள். விதியை அப்படியே அச்சடிக்க வேண்டாம், அதை யாரும் படிக்கமாட்டார்கள். வேலையைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். அதே பவர் பிளக்கில் அதே வாட்ஸ் கீசர் மாற்றினால் விலக்கு உண்டு. லைட் பாயின்ட்டில் கீசர் கொடுத்தால் இல்லை. அதே ஆம்பியர் எம்.சி.பி. மாற்றுவதா அல்லது பெரிசு போடுவதா, பழைய போர்டில் பிளக் மாற்றுவதா அல்லது புது பாயின்ட் இழுப்பதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எம்.சி.பி. பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை, ஃபிட்டிங்கில் அடங்குமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அதற்கும் ஒரு வரி வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும், எலக்ட்ரிக்கல் கடைகளிலும், ஏசி விற்கும் கடைகளிலும் அது தொங்க வேண்டும். சாமான் வாங்கும் இடத்தில்தான் மாட்டுகிற ஆளும் முடிவாகிறார்.

அடுத்தது, ஒயரிங்கைச் சோதித்துக் கான்ட்ராக்டர் தரும் டெஸ்ட் ரிப்போர்ட். இதில் நம் தொழில்காரர்கள் என்மேல் கோபப்படலாம். புது மின் இணைப்பு வாங்கக் கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும் என்பதால், வீட்டை எட்டிப் பார்க்காமலே கையெழுத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ளும் ஆட்கள் எங்கள் பக்கம் உண்டு. மெக்கரும் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) எர்த் டெஸ்டரும் வைத்திருக்கிறேன் என்று காட்டித்தான் லைசென்ஸ் வாங்குகிறார்கள். அந்த மெக்கர் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் பார்த்தால், ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் ரீடிங் அழகாகத்தான் இருக்கும், எழுதியது பேனா மட்டும்தானே. அளந்த தேதி, ரீடிங், லைசென்ஸ் எண், அளந்த ஆளின் சான்றிதழ் எண் எல்லாம் உள்ள நகல் ஒன்று வீட்டுக்காரர் கைக்குப் போகட்டும். அளக்கும்போது பக்கத்தில் இருந்தேன் என்று அவரும் அதில் கையெழுத்துப் போடட்டும். இதற்குப் புது அதிகாரி யாரும் தேவையில்லை.

கடைசியாக, சான்றிதழ் இல்லாமலே நல்ல வேலை செய்கிறவர்கள் பற்றி. மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குப் பெரிய படிப்பு கேட்பதில்லை, ஐந்து வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்துக்கு எழுத்தில் சான்று தரவேண்டிய கான்ட்ராக்டரோ, நாள் கூலிக்கு வந்தவன் என்று கையை விரித்துவிடுகிறார். எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு இவனே போட்டிக்கு வந்துவிடுவான் என்ற பயமும் உண்டு. பதினைந்து வருஷமாகப் பைப்பு இழுத்து, போர்டு கட்டி, எர்த் குழி போட்டவர்கள் இப்படி வெளியே நிற்கிறார்கள். அனுபவக் கடிதம் இல்லாதவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு நாள் செய்முறைச் சோதனை வைத்து, அதில் தேறினால் தேர்வு எழுத விடுங்கள். சனி, ஞாயிறில் வைத்தால் கூலி போகாமல் வந்து எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒயர்மேன் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.