அரிசி ஆலைகளில் பெல்ட் இயக்கும் தொழிலாளரின் வேலைப் பாதுகாப்புக் குறித்த கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

பிரதி: மாவட்டத் தொழில் அலுவலகம், கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நான் இம்மாவட்டத்தில் உள்ள அரிசி ஆலையொன்றில் 14 ஆண்டுகளாகப் பெல்ட் இயக்குநராக வேலை செய்து வருகிறேன். என்னோடு கையொப்பமிட்டிருக்கும் 31 பேரும் வன்னியின் அரிசி ஆலைகளிலும் கல் உடைக்கும் ஆலைகளிலும் இதே வேலையில் இருப்பவர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எங்கள் வேலைக்குள் எப்படி நுழைகின்றன என்பதைக் கண்ணால் கண்டுவிட்டோம். அதனால்தான், வேலை போன பிறகு முறையிடாமல், போவதற்கு முன்னரே தங்களிடம் வருகிறோம்.

எங்கள் வேலை வெளியில் தெரியாத வேலை. ஆகவே சற்று விளக்க அனுமதிக்க வேண்டும். நெல் கொட்டும் குழியிலிருந்து மூட்டை தைக்கும் இடம் வரை நெல்லும் அரிசியும் பெல்ட்டிலும், அவற்றை மேலே ஏற்றும் வாளி எலிவேற்றரிலும்தான் நகர்கின்றன. ஓட்டத் தொடங்கும்போது கடைசிப் பெல்ட்டை முதலில் ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது குழிப்பக்கத்துப் பெல்ட்டை முதலில் நிறுத்த வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் எலிவேற்றரின் அடிப்பெட்டியில் நெல் இறுகிவிடும். அதைக் கையால் வாரி எடுக்க அரை நாள் போகும். பெல்ட் வழுக்கினால் முதலில் இறப்பர் கருகும் மணம் வரும். உருளையைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் பழுதாகப் போகிறதென்றால் இரண்டு நாட்களுக்கு முன்னரே அதன் சத்தம் மாறும். மாரிகாலப் பயிரான காலபோக அறுவடையில் மழையோடு வெட்டிய நெல் வந்தால் அது பெல்ட்டில் அப்பிக்கொண்டு, திரும்பும் பக்கத்து உருளைகளில் பிடித்து, பெல்ட்டை ஒருபக்கம் இழுத்துச் செல்லும். இவற்றையெல்லாம் எங்களுக்கு எவரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பழகியவை இவை.

கடந்த காலபோகத்துக்கு முன்னர் எங்கள் ஆலையில் பெல்ட்டுகளுக்கு மேலே ஆறு கமராக்களைப் பொருத்தினார்கள். மோட்டர்களிலும் பெயரிங்குகளிலும் சூட்டையும் அதிர்வையும் அளக்கும் சிறு கருவிகளை ஒட்டினார்கள். கருவிகளைக் கொண்டுவந்த தம்பி என் கையில் ஒரு சிறு திரையைத் தந்தார். பெல்ட் விலகும்போது ஒரு பொத்தானையும், நெல்லோடு கல்லோ சாக்குத் துண்டோ வரும்போது இன்னொன்றையும், ஈரநெல் அப்பும்போது மூன்றாவதையும் அழுத்தச் சொன்னார். இரண்டு மாதங்கள் அழுத்தினேன். எதற்கு என்று கேட்டபோது, "அண்ணை, நீங்கள் அழுத்துவதைப் பார்த்துத்தான் இது பழகுகிறது" என்றார். கமரா எடுத்த படமும் அதே நொடியில் நான் அழுத்திய பொத்தானும் சேர்ந்தால் அதற்கு ஒரு பாடம். அப்படி ஆயிரக்கணக்கான பாடங்கள் சேர்ந்த பிறகு, இப்போது நான் அழுத்துவதற்கு முன்னரே அது கண்டுகொள்கிறது. வரும் காலபோகத்திலிருந்து பெல்ட்டை நிறுத்தும் பொறுப்பும் அதனிடம் கொடுக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் 14 ஆண்டு அனுபவத்தை அதற்கு ஊட்டியவன் நான். அந்த அனுபவத்துக்கு இனி ஆலையில் என்ன இடம் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஆலைக்குக் கலர் சோட்டர் இயந்திரம் வந்தது. விழும் ஒவ்வொரு அரிசியையும் கமரா பார்த்து, கறுப்பு அரிசியையும் கல்லையும் காற்றால் ஊதித் தள்ளிவிடும் இயந்திரம் அது. நல்ல இயந்திரம்தான், அரிசி சுத்தமாக வருகிறது. ஆனால் அதற்கு முன்னர் அந்தப் பெல்ட்டின் இருபக்கமும் ஒன்பது பெண்கள் அமர்ந்து கறுப்பரிசி பொறுக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், திங்கட்கிழமை வரவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கடிதம் இல்லை. நட்டஈடு இல்லை. 11 ஆண்டுகள் வேலை செய்த அக்கா ஒருவர், தான் தினமும் அமரும் சாக்கு மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வும் இந்த மனுவில் இருக்கிறது. அவர்களில் நால்வர் 2009இல் கணவனை இழந்தவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வேலையை முடிவுறுத்தல் தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. ஆனால் அந்த ஒன்பது பேரும் ஆலையின் பதிவேட்டில் இல்லை. ஆட்களை வழங்கும் ஒப்பந்தகாரரின் ஆட்களாகவே காட்டப்பட்டிருந்தார்கள். வருடத்தில் 180 நாட்கள் நிறையாதவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. நெல் வரும் காலத்தில் மட்டும் ஓடும் ஆலையில் அந்த 180 நாட்களை எப்படி நிறைப்பது? எங்களில் 12 பேர் இன்றும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படுகிறதா என்பதுகூட அவர்களில் சிலருக்குத் தெரியாது.

இங்கு ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தாய் தந்தையர் காலத்தில் அருவிவெட்டும் (நெல் அறுப்பும்) சூடுமிதிப்பும் (கதிரடிப்பும்) வன்னியில் ஆயிரக்கணக்கான காணியற்ற குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அறுவடை இயந்திரம் வந்தது. வயலில் இறங்கி வெட்டும் வேலை போயிற்று. அந்தக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர்தான் பின்னர் ஆலைகளுக்கு வந்தார்கள். நானும் அப்படி வந்தவன். முன்னர் இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை வேலை என்றால் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைத்தான் சொல்வார்கள். அது யுத்தத்தோடு போனது. வயலிலிருந்து ஆலைக்கு வந்தோம். ஆலையிலிருந்து வெளியேறினால் அடுத்துப் போய் நிற்பதற்கு எங்களுக்கு வன்னியில் வேறு இடம் இல்லை. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம் என்று சொல்வார்கள். 45 வயதில், கடனோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எப்படிப் போவது?

கமராவில் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் முறையில் (ஷிப்டில்) வேலை செய்த தம்பி ஒருவர், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் ஒட்டிய நெல்லைக் கையால் தட்டப்போய், உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் அகப்பட்டு மூன்று விரல்களை இழந்தார். அவசர நிறுத்தக் கயிற்றை நான் இழுப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மனிதக் கை பெல்ட்டை நெருங்கியதும் கமரா அதை நிறுத்துமானால் நாங்கள் அதைக் கும்பிட்டு வரவேற்போம். கல் உடைக்கும் ஆலைகளில் பெரிய கல் இயந்திரத்தின் வாயில் சிக்குவதைக் கமரா முன்னரே கண்டு சொன்னால் அங்குள்ளவர்களுக்கும் அது பாதுகாப்புத்தான். அதேநேரம், உமித்தூசு கமராக் கண்ணாடியில் படிந்தால் அதற்கு ஒன்றுமே தெரியாது. கடந்த மாசியில் ஒரே இரவில் மூன்று தடவை ஒன்றுமில்லாததற்கு எச்சரிக்கை மணி அடித்தது; ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் துடைத்தவர்களும் நாங்களே. எலி வயரைக் கடித்தாலும், மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும், எந்தப் பெல்ட்டில் எவ்வளவு நெல் நிற்கிறது என்று பார்த்து ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் கமராவையும் அறிந்தவராக இருக்க வேண்டும். அவர் எங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோளின் மையம்.

ஆகவே தாங்கள் தொழில் அலுவலகத்தையும், ஆலை உரிமையாளர்களையும், தொழிற்பயிற்சி நிறுவனங்களையும், எங்கள் பிரதிநிதிகள் சிலரையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆட்குறைப்புக்கு இடமளிக்கக்கூடிய எந்தக் கருவியையும் பொருத்துவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், தொழிலாளருக்கும் தொழில் அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவிக்க உரிமையாளர்கள் அந்த மேசையில் உடன்பட வேண்டும். ஒப்பந்தகாரர் மூலம் வேலை செய்பவர்களின் பெயர், வேலைக்குச் சேர்ந்த திகதி, சேமலாப நிதி விபரம் ஆகியவற்றைத் தொழில் அலுவலகம் ஆலை ஆலையாகச் சென்று பதிய வேண்டும். இதை முதலில் செய்யுமாறு வேண்டுகிறோம்; பதிவு இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் பேசாது. ஏற்கெனவே நிறுத்தப்பட்ட ஒன்பது பெண்களின் விடயத்தையும் அந்தப் பதிவோடு சேர்த்து விசாரிக்க வேண்டும்.

பயிற்சிக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அங்கேயே இருக்கிறது. பெல்ட் பராமரிப்பு, உணர்கருவிகள், கட்டுப்பாட்டுத் திரை ஆகியவற்றில் வார இறுதி வகுப்பொன்றைத் தமிழில் நடத்த அவர்களைத் தாங்கள் கேட்க வேண்டும். எங்களில் பலர் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டாதவர்கள். ஆனால் செய்த வேலையைப் பரீட்சித்து அதற்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. அந்தப் பரீட்சகர்களை ஆலைக்கே வரவழைத்தால், பெயரிங்கின் சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்வதும் ஒரு தகைமையாக எழுத்தில் ஏறும். கமராவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே கமராவைப் பார்க்கும் வேலையில் முதலிடம் வேண்டும்.

பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் அமைக்க அரசாங்கம் திட்டமிட்டிருக்கிறது. அங்கு வரும் தொழிற்சாலைகள் முதல் நாளிலிருந்தே இத்தகைய கருவிகளோடுதான் வரும். காணியும் வரிச்சலுகையும் கொடுக்கப்படும்போது, எத்தனை உள்ளூர் ஆட்களுக்கு எந்த வேலை, யார் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்பதும் உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டும் என்று தாங்கள் மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

காலபோக நெல் ஆலைக்கு வந்து சேர்ந்துவிட்டால் இரவுபகலாக ஓட வேண்டியிருக்கும்; அதன் பின் எங்களால் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. கமராவிடம் பெல்ட்டை ஒப்படைப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே கோடைப் பயிரான சிறுபோக அறுவடை முடிந்த கையோடு கூட்டத்துக்கு ஒரு நாளைக் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் இரவு முறை மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது. பகலில் எந்த நாளில் அழைத்தாலும் வருவோம். வேலையிழந்த பெண்களில் இருவரும் எங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெல்ட் இயக்குநர்கள் சார்பில் மனுதாரர்
(31 பேரின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)