என் இடத்தை எனக்காக வைத்திருந்தவர்களுக்கு

எங்கள் பெண்கள் குழுவின் கருவாட்டுக் கொட்டகையில் நேற்று மறுபடியும் மீன் காயப்போட்டோம். நெத்திலியும் கொஞ்சம் வாளையும்தான், பெரிய சரக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வலைத்தட்டில் மீனைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது குழுவில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் அழுதுவிட்டோம்.

கார்த்திகை மழையில் கொட்டகைக் கூரையும் சரக்கும் போன கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எல்லோரும் சேர்ந்து பட்டதுதான். நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீடு வீடாக வந்தும் சொல்வேன். அதற்கு முன்னால் ஊருக்கே கேட்கிற மாதிரி ஒருமுறை சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.

முதலில் சந்தையில் என் பக்கத்தில் கடை போடும் பெரியாத்தாவுக்கு. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். முந்தல் பக்கத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருபவர். எனக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்தடுத்த இடம், ஒரே சரக்கு, ஒரே வாடிக்கை. அவரிடம் விலை கேட்டுவிட்டு என்னிடம் வருவார்கள், என்னிடம் கேட்டுவிட்டு அவரிடம் போவார்கள். இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

சந்தை தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: இரண்டு வாரம் வராவிட்டால் இடம் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. நானோ வாரக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு நாள், கொண்டுபோக எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு போனேன். ஓரத்தில் எங்காவது ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வரத்தான்.

என் இடத்தில் ஒரு சாக்கு விரித்திருந்தது. நாலு மூலையிலும் கல். நடுவில் பெரியாத்தாவின் காலிக் கூடை. குத்தகைக்காரரின் ஆட்கள் கேட்ட காசை வாராவாரம் இரண்டு இடத்துக்கும் அவரே கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கூடையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ஒக்காரு தாயி" என்றார். அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

அப்புறம் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே காகிதப் பொட்டலங்கள். பிரித்தால், மடித்த ரூபாய் நோட்டு. அதோடு ஒரு துண்டுக் கருவாடு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். என்னிடம் கடனுக்கு வாங்கியவர்கள் பணம் கொடுக்க வந்து, நான் இல்லாததால் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேர் கேட்டாலும் ஞாபகம் நிற்காது. ஆனால் யார் என்ன கருவாடு வாங்குவார்கள் என்பது அத்துப்படி. அதனால் அவரவர் வாங்கும் கருவாட்டிலேயே ஒரு துண்டைக் கிள்ளி, பணத்தோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டார். நெத்திலி இருந்தது, அது மெஸ் நடத்தும் அண்ணன். ஒரு சிட்டிகை சென்னாக்கூனி, அது ரேஷன் கடைத் தெருப் பாட்டி. பால்சுறா, அது பிள்ளை பெற்ற மகளுக்காக வாங்கிப்போன பரமக்குடி அம்மா. ஒரு பொட்டலத்தில் மட்டும் கருவாடு இல்லை, ஒரு முண்டு மிளகாய் இருந்தது. "அவன் என்ன வாங்குவான்னு நெனப்பு வரல, மொளகா யாவாரின்னு மட்டும் தெரியும்" என்றார்.

என் கடன் நோட்டு தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனது அவருக்குத் தெரியாது. அந்த டப்பாதான் எனக்குத் திரும்பக் கிடைத்த முதல் கணக்கு. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "சரக்குதான் போச்சு. கணக்கும் போகணுமா?"

அந்தப் பணத்தை வைத்துத்தான் உப்பு வாங்கினோம். நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்று போடுகிற தொழிலில் உப்பு இல்லாமல் கையை அசைக்க முடியாது. அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போன வாடிக்கைக்காரர்களே, உங்களுக்கும் கோடி நன்றி. நான் கேட்டு வந்திருக்க முடியாத கடன் அது. நீங்களாகத் தேடி வந்து கொடுத்தீர்கள்.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொன்னால் இந்த மடல் முடியாது. கூரைத் தகரத்தைத் தோளில் சுமந்து வந்த படகுக்காரத் தம்பிகள், கோயில் மண்டபத்தைச் சாவியோடு எங்களிடம் கொடுத்துவிட்ட சாமியார், வாலிநோக்கத்திலிருந்து இரண்டு மூட்டை உப்பு ஏற்றி அனுப்பிய உப்பளத்து அக்காமார், சரக்குக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் "முதல்ல கூரையப் போடும்மா" என்று போனை வைத்த கீழக்கரை பாய், எங்கள் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு போட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் கைகூப்புகிறேன். கடன் கேட்டுப் போன ஓர் இடத்தில் கிடைத்த பதிலை இங்கே எழுத மனமில்லை. அதை மறக்கும்படி நீங்கள் செய்துவிட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தால், என் தொழில் ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒருத்தர் இடம் கொடுத்ததால் வந்ததுதான். எங்கள் அப்பத்தா 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு, ஒரு ஜெபமாலையோடு இந்தப் பக்கம் வந்தவர். அவர் கடல்பாசி எடுக்க இறங்கினார், பிறகு அம்மா, பிறகு நான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பது அந்த இருவரிடமும் கற்றது. வேரோடு பிடுங்கக் கூடாது, நாளைக்கு இன்னொருத்திக்கு வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். கல்யாணத்துக்கு அப்புறம் இறால் கம்பெனியில் தோல் உரித்தேன். கை புண்ணானதும் தையல். அப்புறம் மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பு வந்தது. 45 நாளுக்கு ஒரு அறுவடை, கையில் காசு நின்ற காலம் அது. 2013, 14 வாக்கில் கடல் சூடேறி, கயிற்றில் இருந்த பாசியெல்லாம் வெளுத்துக் கரைந்து போனபோது இனி என்ன என்று தெரியவில்லை.

அப்போது வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். ஜூலைத் திருவிழாவுக்கு எல்லாச் சாதிசனமும் மதம் பார்க்காமல் வந்து நேர்ச்சை செலுத்துகிற கோயில். எந்தத் தொழில் மாறும்போதும் அங்கேதான் போவேன். ஏதோ குரல் கேட்டது என்று சொல்லமாட்டேன். எழுந்து வெளியே வரும்போது பயம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், கருவாட்டை மணலில் போடாமல் தட்டில் காயவைக்கக் கற்றுக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். "மண் நறநறன்னா யாரும் ரெண்டாவது தடவ வாங்கமாட்டாங்கம்மா" என்பார். இந்த முறையும் தட்டுகளின் கால்களை எவ்வளவு உயரம் வைக்க வேண்டும் என்று சொல்ல, முட்டிவலியோடு அவரே வந்து நின்றார். ஐயா, உங்களுக்கு என் நன்றி தனி.

2015இல் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசை அமெரிக்காவில் கொடுத்தார்கள். பாசிக்குப் போகிறவள் என்று எங்களை இளப்பமாகப் பார்த்த கண்களெல்லாம் அன்றைக்கு அவரைத்தான் பார்த்தன. பெண்கள் சங்கமாகச் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை அவரைப் பார்த்துத்தான் எங்கள் குழு நம்பியது.

சந்தையில் என் இடத்தில் பாதி இனி எனக்கில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் எந்தப் பெண்ணும், எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், காலூன்றும் வரை அங்கே உட்கார்ந்து விற்கலாம். குத்தகைக் காசு என் பொறுப்பு. உப்பிடுவதும் தட்டுக் கட்டுவதும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொட்டகை திறந்தே இருக்கும். இதைச் சந்தியாகப்பர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இப்போது உங்கள் முன்னாலும் சொல்கிறேன்.

பெரியாத்தா போன சந்தைக்கு ஒரு புது நோட்டு வாங்கி வந்து, "எனக்கும் ஒரு கணக்கு எழுதிக் கொடு" என்றார். இப்போது கடை எடுத்துவைத்த பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதுகிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பேருக்குப் பக்கத்தில் மீனையும் எழுதச் சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. ஐப்பசியில் முன்பணம் கொடுத்துச் சரக்குக் கிடைக்காதவர்கள் தை கடைசிக்குள் கொட்டகைக்கு வந்து பேரைப் பதிந்துகொள்ளுங்கள். நோட்டு இல்லை என்பதற்காக யாருடைய கணக்கும் விட்டுப்போகாது. முதலில் காய்கிற சரக்கு உங்களுக்குத்தான்.

தங்கச்சிமடத்திலிருந்து,
உங்கள் கருவாட்டுக்காரச் சகோதரி