தூதர் வருவதற்கு முன்னால் ஏஜெண்டு வந்தார்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்ன ஒன்று ராத்திரி முழுக்க மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. டில்லி தூதரக வேலைக்காக நீ படித்துக்கொண்டிருக்கும் குறிப்பில், இந்தியாவுக்கும் நம் மலேசியாவுக்கும் உள்ள தூதரக உறவு 1957-இல் தொடங்கியது என்று இருக்கிறதாமே. சட்டப்படி அது சரிதான். இரண்டு சுதந்திர நாடுகள் இருந்தால்தானே தூதர் இருக்க முடியும். ஆனால் நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு அந்தக் கதை அதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1922-இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி இந்திய அரசாங்கம் கோலாலம்பூரில் ஓர் ஏஜெண்டை வைத்தது. தோட்டம் தோட்டமாகப் போய் லயத்தையும் கூலியையும் ஆஸ்பத்திரியையும் பார்த்து, வருஷா வருஷம் அறிக்கை எழுதி அனுப்புவது அவர் வேலை. துரைக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஏஜெண்டு வருகிறார் என்று தகவல் வந்தால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சாக்கடையைக் கழுவி விடுவார்கள், அவர் போன மறுவாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உன் தாத்தா சொல்வார். ஆனாலும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் தலைகுனிந்து நின்ற ஆள், "ஏஜெண்டுக்கு எழுதிப் போடுவேன்" என்று கங்காணியிடம் சொல்ல முடிந்தது. அதுவரை அப்படிச் சொல்ல அவனுக்கு ஒரு பெயரே இருந்ததில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

1936 கடைசியில், தோட்டத்து ஜனங்கள் நிலையைப் பார்த்து அறிக்கை எழுத இந்திய அரசாங்கம் அனுப்பி சீனிவாச சாஸ்திரியார் வந்தார். வலங்கைமான்காரர். தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாக இருந்துவிட்டு வந்தவர். ஆங்கிலத்தில் அவரைப்போலப் பேச ஆளில்லை என்பார்கள். நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். ஆனால் அவருடைய அறிக்கை இங்கிருந்த நம்மவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தோட்டக்காரர்கள் பக்கம் மென்மையாக நடந்துகொண்டார் என்று குறைபட்டார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. அதே மரத்தை வெட்டும் பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைவு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். உன் பாட்டி தாத்தாவைவிட வேகமாகப் பால் வெட்டுவாள்.

கொடுத்த கூலியையும் ரப்பர் விலை விழுந்ததும் மறுபடி குறைத்தார்கள். 1938 ஜூனில் இந்தியா, கப்பல் செலவு கொடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை அடியோடு நிறுத்தியது. நம் ஜனங்களுக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் "முடியாது" என்று சொன்ன நாள் அது. உன் குறிப்பில் அதற்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஜப்பான் காலத்தில் கேட்க யாருமே இல்லை. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனவர்கள் கதை உனக்கே தெரியும். சண்டை முடிந்ததும் இந்திய அரசாங்கம் 'பிரதிநிதி' என்ற பெயரில் ஆளை அனுப்பியது. 1947-இல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜான் திவி. அதற்கு முந்தைய வருஷம்தான் மஇகாவை, அதாவது மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்தார். யோசித்துப் பார், இங்குள்ள இந்தியர்களின் தலைவராக இருந்தவர், மறுவருஷம் அந்த நாட்டின் ஆளாக வந்து நிற்கிறார். நாம் எந்தப் பக்கம் என்று நமக்கே தெளிவில்லாத காலம்.

1957 சுதந்திரத்துக்குப் பிறகு நாம் டில்லிக்கு அனுப்பிய முதல் ஹை கமிஷனர் செல்வசிங்கம் மெக்கிண்டையர், யாழ்ப்பாணத் தமிழர் வழி வந்த வழக்கறிஞர். காமன்வெல்த் நாடுகளுக்குள் தூதருக்கு ஹை கமிஷனர் என்றுதான் பெயர், அது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்புறம் ஐ.நா.வில் நம் பிரதிநிதியாக இருந்த ரமணி. 1965-இல் இந்தியா பாகிஸ்தான் சண்டையின்போது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் நமக்காகப் பேசியவர். அந்தப் பேச்சுக்காகவே பாகிஸ்தான் நம்மோடு தூதரக உறவை முறித்துக்கொண்டது. சரியாக மறுவருஷம்தான் திரும்ப ஒட்டியது. வாயிலிருந்து வரும் சொல்லுக்கு உன் வேலையில் என்ன விலை என்று பார்த்துக்கொள்.

நான் படித்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் திறந்து வைத்தது யார் என்று சின்ன வயதில் உன்னிடம் கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? விஜயலட்சுமி பண்டிட். மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் தூதராக இருந்துவிட்டு, ஐ.நா. பொதுச்சபைக்கு முதல் பெண் தலைவரான அம்மா. 1948-இல் கம்யூனிஸ்டுகள் தோட்டத்துத் துரைமார்களைச் சுட்டு, அவசரகாலம் தொடங்கிய ஊர் இது. அவர் வந்தபோதும் அது முடியவில்லை. தாத்தா கூட்டத்தின் கடைசியில் நின்றாராம். பேச்சு ஒன்றும் காதில் விழவில்லையாம். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பொம்பளைக்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்து நின்றதை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பாட்டி விஷயம். உனக்கு இதை நான் முழுசாகச் சொன்னதில்லை.

பாட்டிக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1969-இல் வந்தபோது, எங்கள் லயத்திலேயே பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர்களை நான் கண்ணால் பார்த்தேன். பாட்டியும் எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட் எடுக்கப் புறப்பட்டாள். எனக்கு அப்போது 11 வயது, துணைக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார். வைத்தாள். வெறும் மைக் கறைதான் விழுந்தது. இருபது வருஷமாக உளியும் பாலும் பட்டுப் பட்டு அவள் விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. இன்னொரு தாளை எறிந்தார். அதிலும் அப்படியே. "உனக்கு ரேகையே இல்லையா? நீ எந்த ஊர் ஆள்தான்?" என்று கத்தினார். வரிசையே திரும்பிப் பார்த்தது. பாட்டி பதில் சொல்லவில்லை, கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர்தான் வந்து, ஈரத்துணியில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கச் சொன்னார். மூன்றாம் தாளில் இரண்டு மூன்று கோடு தெரிந்தது.

பாஸ்போர்ட் வந்தது. பாட்டி போகவில்லை. கடைசி வரைக்கும் சிவப்பு ஐசிதான். பிறகு நான் தோட்டத்து ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்து முப்பது வருஷம் எத்தனையோ பேருக்கு விண்ணப்ப பாரம் எழுதிக் கொடுத்தேன். மேசையில் எப்போதும் ஒரு ஈரத்துணி வைத்திருப்பேன். நீ சின்னப் பிள்ளையில் அதை எடுத்து விளையாடி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். எதற்கு அடித்தேன் என்று இப்போதாவது உனக்குத் தெரியட்டும்.

அந்த பாஸ்போர்ட் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை நீ வரும்போது கொடுக்கிறேன், எடுத்துப் போ. டில்லியில் ஒரு மேசை கொடுப்பார்கள் அல்லவா, அதன் டிராயரில் கிடக்கட்டும்.

இன்னொரு வேலையும் வைக்கிறேன். ஜன்பத் ரோட்டில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. லீவு நாளில் போய், கோலாலம்பூர் ஏஜெண்டின் பழைய அறிக்கைகளைக் கேட்டுப் பார். நம் தோட்டத்தின் பெயர் எங்காவது வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சுண்ணாம்பு அடித்ததற்கு முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா என்று பார்க்க வேண்டும்.

டிசம்பரில் அங்கே குளிர் அதிகம். அம்மா கம்பளி எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா