ஜெராக்ஸ் கடைத் தங்கைக்கும் மற்ற எல்லோருக்கும்

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி எழுதுகிறேன்.

2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்கு அரசு தந்த நிவாரணப் பணம் கணக்கில் ஏறிவிட்டது. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. அறுத்து அப்புறப்படுத்தவே 500 பத்தவில்லை என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நின்று காய்த்த மரத்துக்கு இது ஈடாகாது. ஆனால் காப்பீடு இல்லாத தோப்புக்கு இதை விட்டால் ஒரு ரூபாய் வர வழி கிடையாது. சரி, குறையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கை. பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊரே இருட்டில் கிடந்தபோது வாடகை ஜெனரேட்டரில் அந்தக் கடை ஓடியது. ஆதார், சிட்டா, பாஸ்புக் என்று நகல் எடுக்க வாசலில் எப்போதும் கூட்டம். என் பாஸ்புக், ஓடு பறந்த வீட்டில் நனைந்து பக்கம் பக்கமாக ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் கிழியும். எதிரே இஸ்திரி போடும் அண்ணனிடம் கரிப்பெட்டியை வாங்கி வந்தார். பாஸ்புக் மேல் பழைய பேப்பரை விரித்து, பட்டும் படாமலும் தேய்த்தார். ஓரம் சுருண்டு வந்ததும் நகத்தால் மெல்லப் பிரித்தார். கணக்கு எண் தெரிந்தது. அத்தனை பேர் காத்திருக்க, ஒருவருக்காக இந்த வேலை!

நகல் எடுத்தவர் அதை என்னிடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணே, இந்த ஐஎஃப்எஸ்சி கோடு பழசு. பேங்குல மாத்திட்டாங்க. இதைக் குடுத்தா பணம் திரும்பிப் போயிரும்” என்றார். சிங்கப்பூரிலிருந்து யாரோ வீட்டுக்கு அனுப்பிய பணம் அப்படித் திரும்பிப் போனதைப் பார்த்த நாளிலிருந்து, சுற்றுவட்டாரக் கிளைகளின் புதுக் கோடுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். என் படிவத்தில் அவரே அதைத் திருத்தி, எண்ணை ஒவ்வொன்றாக என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற கிழவிக்கும் அதே மாதிரிதான். நகலுக்குக் காசு நீட்டினால், “கரண்டு வந்தப்புறம் குடுங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கரண்டு வந்த பிறகு போனேன், அப்போதும் வாங்கவில்லை. மனசு இருந்தால் போதும் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த நோட்டுதான் பெரிசாகத் தெரிகிறது.

கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், சாய்ந்த மரங்களுக்குள் குனிந்து புகுந்து எண்ணிய வேளாண்மைத் துறையினர், கிராம நிர்வாக அலுவலர், மரம் அறுக்கும் மெஷினோடு வந்த பையன்கள், அரிசியும் மெழுகுவத்தியும் இறக்கிவிட்டு ஊர் பேர் சொல்லாமல் போன லாரிக்காரர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தென்னைக்கும் காப்பீடு உண்டு என்று புயலுக்குப் பிறகுதான் எங்களுக்குக் காதில் விழுந்தது. 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய், 16 முதல் 60 வயதுக்கு 14 ரூபாய். அதிலும் முக்கால் பங்கை மத்திய, மாநில அரசுகள் கட்டிவிடுகின்றன. காப்பீட்டுத் தொகை மரத்துக்கு 900, 1,750 ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. இருந்தாலும் புதுக் கன்று நாலு வயதைத் தொட்டதும் கட்டிவிடுவேன். எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லவும் போகிறேன்.

இன்னும் பணம் ஏறாதவர்கள் பாஸ்புக்கில் உள்ள கோடு இப்போதும் செல்லுமா என்று முதலில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தக் கடைக்குப் போங்கள். நோட்டு கல்லாப்பெட்டி மேலேயே இருக்கிறது. போகிறவர்கள் நகலுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.